நீலப்புள்ளி நகர்கிறது

இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரில் வைத்து அழுத்தும்போது மேஜையின் மறுமுனையில் கிடந்த போன் அதிர்ந்தது. மகளாக இருக்கும் என்று நினைத்தாள் அரசி. ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான் அவள் சென்னையிலிருந்து கூப்பிடுவாள், சாப்பிட்டியாம்மா என்பாள், அப்பா எங்க என்பாள், எதிர்முனையில் தோழிகள் சிரிக்கும் சத்தம் கேட்கும், சரிம்மா வச்சிரட்டுமா. ஆனால் இது விட்டுவிட்டு வருகிற அதிர்வு, பல்வலி மாதிரி. வழித்துணை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எட்டிப் போனை எடுத்து வட்டத்தைத் தொட்டாள், பல்கலைக்கழகத்தின் வரைபடம் திரையில் விரிந்தது. வளாகத்துக்குள் தனியாக நடக்க எந்தப் பெண்ணுக்காவது பயமாக இருந்தால் இந்தச் செயலியில் ஒரு பொத்தானைத் தொடலாம், துணையிருக்கச் சம்மதித்துப் பெயர் கொடுத்த பெண்கள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அதிரும், முதலில் எடுப்பவள் துணை, அவள் பேசிக்கொண்டே இருக்க, நடப்பவள் ஒரு நீலப்புள்ளியாக அவள் கண் முன்னால் நகர்ந்து போய்ச் சேருவாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற அரசிக்கு இது பிடித்திருந்தது. வரைபடத்துக்குள் ஒரு உயிர் நடப்பதை அவள் எந்த வகுப்பிலும் காட்டியதில்லை. செயலியைத் தொடங்கிவைத்த விழாவில் வேதியியல் துறைத் தலைவர் என்ற முறையிலும் பாதுகாப்புக் குழு உறுப்பினர் என்ற முறையிலும் அவள் கணவர் சிதம்பரநாதன் பேசினார், நம்ம பிள்ளைங்க எந்த நேரத்துலயும் பயமில்லாம நடக்கணும் என்றார், கைதட்டினார்கள், அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் போனை வாங்கி அவரே இதை இறக்கிக் கொடுத்தார். குடியிருப்புல இருக்கிற லேடீஸ் பேரெல்லாம் கேக்கறாங்க அரசி, உனக்கும் பொழுது போகும். பொழுது போனது. இதுவரை வந்ததெல்லாம் நாய்கள்தான். கேன்டீன் நாய்கள், ஒரு தடவை சாரைப்பாம்பு, ஒரு தடவை சும்மா சோதித்துப் பார்த்த முதலாமாண்டு மாணவி, சாரி ஆன்ட்டி. இப்போது திரையில் இருந்த பெயர் பிரிஸ்கா. ஆராய்ச்சி மாணவி. போகுமிடம் மகளிர் விடுதி. புறப்பட்ட இடம் வேதியியல் கட்டடம்.

"பிரிஸ்காவா? நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேம்மா. நீ நட."

காற்று போனுக்குள் புகுந்து இரைந்தது. இந்த ஊர்க் காற்று யாரையும் பேச விடாது, மேற்கே மலைக் கணவாய் வழியாக இறங்கி, காற்றாலைகளையெல்லாம் சுற்றிவிட்டு, உடைமரக் காட்டைத் தாண்டி நேரே வாய்க்குள் வரும்.

"பிரிஸ்கா?"

"சரி மேடம்."

"நாயாம்மா?"

"ஆமா மேடம். நாய்."

நாய்தான். அரசி மூச்சை விட்டாள், ஏன் மூச்சைப் பிடித்து வைத்திருந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை, சட்டையின் கையைப் பரப்பி நீவினாள். கேன்டீன் பக்கம் செவலைப் பெட்டை ஒன்று குட்டி போட்டிருக்கிறது, நிழல் பட்டாலே பாய்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆனால் கேன்டீன் வேதியியல் கட்டடத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பெண் இந்தப் பக்கமாக அல்லவா வருகிறாள், குரைக்கிற சத்தமும் இல்லை. குரைத்து ஓய்ந்திருக்கும். நீலப்புள்ளி வேகமாக நகர்ந்தது, ஓட்டமும் நடையுமாக. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டடத்தில் என்ன வேலை இவளுக்கு. ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஞாயிறு ஏது திங்கள் ஏது, அடுப்பில் வைத்த பால் மாதிரி அவர்கள் வைத்த சோதனையும் பொங்குமாம், விட்டுவிட்டு வர முடியாதாம், அவர்தான் சொல்லுவார். இன்று காலையிலும் ஏதோ சொன்னாரே. தோசைக்கு மிளகாய்ப்பொடியைக் குழைத்துக்கொண்டே, இன்னைக்கு அங்க ஒரு ஈ காக்கா இருக்காது, நிம்மதியா உக்காந்து ரிப்போர்ட்ட முடிச்சிரலாம் என்றார். ஈ காக்கா இருக்காது. அப்படியென்றால் இந்தப் பெண் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்காது. பெரிய கட்டடம். மூன்று மாடி, எத்தனையோ அறை, இரண்டு பக்கமும் படிக்கட்டு, ஒரு கோடியில் இருப்பவருக்கு மறுகோடியில் இருப்பது தெரியாது. காலரில் இஸ்திரிப் பெட்டி இன்னொரு முறை போனது, போகவேண்டிய அவசியமே இல்லை, காலர் ஏற்கெனவே மடிப்பில்லாமல் இருந்தது. விடுமுறை நாளில் சாவி யாரிடம் இருக்கும்? துறைத் தலைவரிடம். வாட்ச்மேனிடமும் ஒன்று இருக்கும், இருக்கவேண்டும், தீப்பிடித்தால் யார் திறப்பார்கள். வாட்ச்மேன் திறந்துவிட்டிருப்பார். பெரிய கட்டடம்.

போனிலிருந்து வந்த காலடிச் சத்தம் வித்தியாசமாக இருந்தது. டப் டப் என்று செருப்பு குதிகாலில் அடிக்கும் சத்தம் இல்லை. மொத்மொத்தென்று ஏதோ தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற மாதிரி. வருஷக்கணக்காக வராந்தாவில் பிள்ளைகள் நடப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது அவளுடையது, முதுகைக் காட்டிக் கரும்பலகையில் ஆறுகளை வரைந்துகொண்டிருக்கும்போதே எந்தப் பிள்ளை எழுந்து போகிறது என்று சொல்லிவிடுவாள்.

"செருப்பு போடலியாம்மா?"

"இல்ல மேடம்."

"அறுந்துருச்சா?"

"விட்டுட்டு வந்துட்டேன் மேடம்."

வெயில் சாயத்தான் தொடங்கியிருந்தது, தார்ச்சாலை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். போன வாரம் கோயிலுக்கு வெளியே செருப்பைத் தேடி நாலடி நடந்ததற்கே அவளுக்குப் பாதம் எரிந்தது. கருவிகள் இருக்கும் அறைக்கு வெளியேதான் செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். மாடியில் இருக்கும் அந்த அறைக்கு அரசி ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள், புதுக் கருவி வாங்கிப் பூஜை போட்ட அன்றைக்கு, குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல், ஆஸ்பத்திரி மாதிரி வாசனை, அதற்கு அடுத்த கதவு அவருடைய அறை. உள்ளே இருப்பவர் வெளியே வரும்போது செருப்பு காலடியிலேயே கிடக்கும், காலை நுழைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். அதை விட்டுவிட்டு வர வேண்டுமென்றால் எவ்வளவு அவசரம் இருக்க வேண்டும். அல்லது அந்தக் கதவு வழியாக வராமல் இருந்திருக்க வேண்டும். நாய் துரத்தினால் செருப்பை விட்டுவிட்டு ஓடலாம். நாய் மாடிக்கு எப்படி வரும்? வரும், நாய் எங்குதான் வராது, போன மழையில் நூலக மாடியில் குட்டி போட்டு வைத்திருந்ததே. அரசி இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். அணைத்துவிட்டு அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடு. அவருக்கு இரண்டு கையிலும் மணிக்கட்டுப் பட்டன் போட்டிருக்க வேண்டும், மடித்துவிடுவது பிடிக்காது. இந்தக் கைகள் அவளுடைய அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டின கைகள். அப்பாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து இங்கே கிடந்தபோது அண்ணன் வாரம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போவான், இவர்தான் தினமும் பல்கலைக்கழகத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாவைத் தூக்கி நாற்காலியில் வைத்து, ஒரு நாள் கூட முகம் சுளிக்காமல், மாமா சூடு போதுமா என்று கேட்டுக் கேட்டு. அது பொய்யில்லை. அதை யாரும் வந்து பொய்யாக்க முடியாது. அவளிடம் குரல் உயர்த்தியதில்லை. மகள் வயதுக்கு வந்தபோது பயந்து அழுத பிள்ளையிடம் உட்கார்ந்து மனித உடம்பைப் பற்றிப் படம் போட்டு விளக்கினவர் அவர்தான், நான் வெட்கப்பட்டுக்கொண்டு அடுக்களையில் நின்றேன். பிறகு எதற்கு இப்போது இதையெல்லாம் வரிசையாக எடுத்து வைக்கிறாய்? யார் உன்னைக் கேட்டார்கள்? அந்தப் பெண் நாய் என்றல்லவா சொன்னாள்.

நீலப்புள்ளி நின்றுவிட்டது. நூலகத்துக்கு முன்னால். நூலகம் பூட்டியிருக்கும். புள்ளி நகராமல் இருந்தால் நடப்பவரிடம் செயலி நலமா என்று கேட்கும், அந்த மணிச்சத்தம் போனில் மெல்லக் கேட்டது, பதில் தொட்ட சத்தமும் கேட்டது, பிறகு தண்ணீர். குடிதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

"என்னம்மா, தண்ணி குடிக்கியா?"

"முகம் கழுவுதேன் மேடம்."

கழுவட்டும். வெயிலில் வந்த பெண். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. முகம் கழுவ எவ்வளவு நேரம் ஆகும், கண்ணில் இரண்டு வீச்சு, கழுத்தில் ஒரு துடைப்பு. வாயைக் கொப்பளித்துத் துப்பும் சத்தம். மறுபடியும் கொப்பளிக்கும் சத்தம். மறுபடியும். அரசி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள், பிறகு அப்படிச் செய்ததற்கு வெட்கப்பட்டுத் திரும்பக் காதில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. சுகந்தி. ஏன் இப்போது சுகந்தி. சுகந்தி இவரிடம் ஆராய்ச்சி செய்தவள், இந்த வீட்டில் வந்து சாப்பிட்டவள், மேடம் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்ட ஒரே பெண், அடைக்கு இடிக்கும்போது உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு நான் இடிக்கேன்க்கா நீங்க உக்காருங்க என்பாள். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டாள். சுகந்தி எங்க காணோம் என்று கேட்டபோது கல்யாணமாகிப் போயிட்டா என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், இந்தப் பிள்ளைங்களே இப்படித்தான், பாதியில போட்டுட்டுப் போயிரும். நமக்குப் பத்திரிகை கூட வைக்கலியே என்றாள் அரசி. அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பின்னால் பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அந்தப் பெண்ணைப் பார்த்தாள், அம்மாவோடு வந்திருந்தாள், மெலிந்திருந்தாள், கழுத்தில் தாலி இல்லை. சுகந்தி என்று இவள் கூப்பிட்டாள், சத்தமாகவே கூப்பிட்டாள், அந்தப் பெண் திரும்பிப் பார்த்தது, பார்த்த அந்தப் பார்வை இவள் மேல் விழவில்லை, இவளுக்குப் பின்னால், இவளோடு யார் வந்திருக்கிறார்கள் என்று தேடியது. பிரித்துப் போட்ட சேலைகளை அப்படியே விட்டுவிட்டு அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அடையாளம் தெரியவில்லை போல என்று கடைப் பையனிடம் அரசி சிரித்தாள். அவளுக்கே அப்போது அப்படித்தான் தோன்றியது. அடையாளம் தெரியாதவள் யாரைத் தேடுவாள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்கு, இந்தத் தண்ணீர்ச் சத்தத்தில், பூட்டின வீட்டில் ஏதோ விழுந்த மாதிரி தோன்றுகிறது.

தண்ணீர் நின்றது. நீலப்புள்ளி நகர ஆரம்பித்தது, இப்போது மெதுவாக, ஓரமாக, மரங்களுக்குக் கீழே போகிறாள் போலிருக்கிறது, பாதம் சுடாமல் இருக்க. நல்லது, அப்படியே நிழலிலேயே வா என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் மகள் நினைவு வந்தது. கார்த்திகையில் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். நாகர்கோவில் பக்கம், பையன் வங்கியில் அதிகாரி, நல்ல குடும்பம், பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் என்றதும் அவர்களுக்கு அப்படி ஒரு மரியாதை. விஷயம் வெளியே தெரிந்தால் இந்தக் குடியிருப்பு வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்குள் அவள் நுழையும்போது பேச்சு நிற்கும், யாராவது ஒருத்தி அவசரமாக, அரசி டீச்சர் காபி சாப்பிடுறீங்களா என்பாள். மகள் போனை எடுக்கமாட்டாள். அல்லது எடுத்து, அம்மா உனக்குத் தெரியுமா தெரியாதா, அத மட்டும் சொல்லு என்பாள். நான் எதற்காகப் பயந்துகொண்டிருக்கிறேன்? அந்தக் கட்டடத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று அல்லவா முதலில் பயப்பட்டிருக்க வேண்டும், அதைத் தாண்டி, அது நடந்ததுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வீடு காலி செய்கிற வரைக்கும் வந்துவிட்டேனே. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு குழாய்த் தண்ணீர், ஒரு செருப்பு. அதற்குள் இந்த மனசு அவரைக் கூண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. எங்கே வைத்திருந்தது இத்தனை நாளும் இதை.

காதில் டுக் டுக் என்றது. இன்னொரு அழைப்பு. திரையைப் பார்த்தாள். அவர். வரைபடத்தின் மேல் ஒரு பட்டையாக அவர் பெயரும் அவர் படமும், குற்றாலத்தில் எடுத்தது, ஈரத் தலையோடு சிரிக்கிறார். துணையாக இருப்பவர் அழைப்பை நிறுத்திவைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கலாம். டீ போட்டு வை, கிளம்பிட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுவார், தினமும் கூப்பிடுவதுதான். எடுத்தால் அந்தக் குரல் வரும். வழக்கமான குரலாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், வழக்கமான குரலாக இருந்தால் அதைவிடப் பயங்கரம் வேறு ஒன்றும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் கூப்பிட்டு அவள் எடுக்காமல் இருந்ததில்லை. கட்டைவிரல் பட்டைக்கு மேலே நின்றது. நீலப்புள்ளி தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. டுக் டுக். டுக் டுக். ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டே அவர் மறைந்தார்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"சத்தமே இல்ல. வச்சிட்டீங்களோன்னு நினைச்சேன்."

"வைக்கல. நான் வைக்க மாட்டேன்." பிறகு, தன் குரல் தனக்கே எங்கேயோ பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல, "பிரிஸ்கா, நாய் இல்லதான?" என்றாள்.

நீலப்புள்ளி நின்றது. நலமா என்று செயலி கேட்கும் மணி அடித்தது, இந்தத் தடவை அதற்குப் பதில் இல்லை.

"நான் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். எடுத்ததும் பேரு வந்துச்சு. உங்க பேரும், கூடவே சார் பேரும்."

அரசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். மங்கையர்க்கரசி சிதம்பரநாதன். அவர்தான் பெயரை அப்படிப் பதிந்து கொடுத்தார்.

"தெரிஞ்சுமா பேசின?"

"கட் பண்ணத்தான் போனேன் மேடம். வேற யாராவது எடுப்பாங்கன்னு. ஆனா ஞாயித்துக்கிழம எல்லாரும் தூங்குவாங்க. அமுக்கி வேற யாரும் எடுக்கல, நீங்க மட்டுந்தான் எடுத்தீங்க." மூக்கை உறிஞ்சினாள். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், நீ நடன்னு சொன்னீங்க. நான் நடந்துட்டேன்."

"என்ன நடந்துச்சும்மா?"

"உங்ககிட்ட எப்படி மேடம் சொல்லுவேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அழுகைகூட இல்லை, மூச்சு மட்டும், கடலில் நெடுநேரம் நீந்தி வந்து கரையில் கையூன்றினவள் மாதிரி. எந்த ஊர்ப் பெண்ணோ. கடற்கரைப் பக்கமாக இருக்கும், பேச்சில் அந்த இழுவை இருக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், இவள் படித்து டாக்டர் பட்டம் வாங்குவாள் என்று யார் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்ககிட்ட எப்படிச் சொல்லுவேன். அரசிக்கு அந்த நொடியில் ஒரு வெறுப்பு வந்தது, அவர் மேல் இல்லை, இந்தப் பெண் மேல், ஏன்டி என் போனில் வந்து விழுந்தாய், வேறு யாரிடமாவது போயிருக்கக் கூடாதா, நான் சட்டை தேய்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேனே. அது ஒரு குமட்டல்போல எழுந்து, தொண்டை வரை வந்து, இறங்கிப் போனது. இறங்கிப் போகும் வரை அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த இடம் காலியாக இருந்தது, அங்கே பாதத்தில் கொப்புளம் எழும்ப ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"நட பிரிஸ்கா. விடுதி தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"உள்ள போ. யார்கூடவாவது இரு. தனியா இருக்காத. என்ன?"

"ரூம்மேட் ஊருக்குப் போயிருக்கா."

"அப்ப வாசல்ல வார்டன் பக்கத்துல உக்காரு. நான் வாரேன்."

"நீங்களா மேடம்?"

"நான்தான்."

"வேண்டாம் மேடம். சார்..." என்று தொடங்கி நிறுத்தினாள். இந்த வீட்டில் சார் என்ற சொல்லுக்கு எப்போதும் ஒரு மணம் உண்டு, சார் இருக்காங்களா, சார் சாப்பிட்டாங்களா, காலைத் தொட்டுக் கும்பிட வரும் பிள்ளைகள், பழத்தட்டு.

"அத நான் பாத்துக்கறேன். நீ உள்ள போ."

புள்ளி விடுதிக் கட்டடத்துக்குள் நுழைந்து, மங்கி, நின்றது. பயணம் நலமாக முடிந்ததா என்று திரை கேட்டது. ஆம் என்று தொட்டால் மறைந்துவிடும், எல்லா நாளும் அப்படித்தான் மறைந்தது. இல்லை என்று தொட்டால் பாதுகாப்புக் குழுவில் இருப்பவர்கள் எல்லோருக்கும் செய்தி போகும், அவர்களில் ஒருவர் இப்போது தன் அறையைப் பூட்டிக்கொண்டிருப்பார், அல்லது வண்டியை எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டையும் தொடாமல் போனைக் கைப்பையில் போட்டாள். கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை. வீட்டுச் சேலை, பரவாயில்லை. தேய்த்த சட்டைகள் நாற்காலி முதுகில் அடுக்காகத் தொங்கின, தேய்க்காதவை கூடையில். நீ போய்ச் சேருவதற்குள் மனசு மாறிவிடும் என்று ஒரு குரல் சொன்னது, அது அவள் குரல்தான், நூலகம் வரைக்கும் போவாய், பிறகு திரும்பிவிடுவாய், அவரிடமே கேட்டுவிடலாமே, கேட்டால் விளக்கம் சொல்லுவார், அவர் விளக்கினால் எல்லாம் விளங்கிவிடும், மனித உடம்பையே படம் போட்டு விளக்கினவர். கதவைப் பூட்டிச் சாவியை வழக்கமான இடத்தில் வைத்துவிட்டு இறங்கினாள்.

சாலையில் காற்று எதிரே நின்று தள்ளியது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டால்? அந்தப் பெண் வேறு யாரையாவது சொன்னால், வாட்ச்மேன், வெளியாள், கூடப் படிக்கிற பையன்? சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் மேடம் பயந்தேன், அவருக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவாரு. அப்படியும் இருக்கலாம். இருக்கலாம் என்ற அந்தச் சின்ன இடத்தில் காலை வைத்து வைத்துத்தான் நடந்தாள், அதை விட்டால் நடக்கத் தரை இல்லை. வாகை மரங்களில் நெற்றுகள் கலகலத்தன. பூட்டிக் கிடந்த தபால் நிலையத்தைத் தாண்டினபோது வளைவில் ஸ்கூட்டர் வந்தது. அவர்தான். தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்து, ஓரமாகக் கொண்டுவந்து, காலை ஊன்றி நிறுத்தினார். முகம் வழக்கமான முகம்தான். வெயிலில் கொஞ்சம் கறுத்திருந்தது. இரண்டு கைகளிலும் மணிக்கட்டுப் பட்டன் போட்டிருந்தார்.

"போன் பண்ணேன், எடுக்கலியே."

"பேசிக்கிட்டு இருந்தேன்."

"பாப்பாகிட்டயா?"

"இல்ல."

அவர் அவளுடைய சேலையைப் பார்த்தார், கைப்பையைப் பார்த்தார். "எங்க கிளம்பிட்ட, இந்த வெயில்ல?"

"லேடீஸ் ஹாஸ்டலுக்கு."

ஹாஸ்டலில் என்ன என்று கேட்பார். கேட்கட்டும். ஹாஸ்டல்ல உனக்கு என்ன வேலை, யாரு இருக்கா அங்க, ஏறு நானே கொண்டுவிடறேன். இதில் ஏதாவது ஒன்றை அவர் கேட்க வேண்டும் என்று அரசி அந்தக் காற்றில் நின்றுகொண்டு வேண்டிக்கொண்டாள், கல்யாணத்தன்று கூட இப்படி வேண்டிக்கொண்டதில்லை, கேளுங்க, சாதாரணமா ஒரு வார்த்தை கேளுங்க. அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். கீழே தார்ச்சாலையைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில், அப்பாவிடம் சூடு போதுமா என்று கேட்ட அதே பதவிசோடு கேட்டார்.

"அவ என்ன சொன்னா?"

அரசி எந்தப் பெயரையும் சொல்லியிருக்கவில்லை. காதுக்குள் காற்று நின்றுபோன மாதிரி இருந்தது. காலுக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன இடம் போய்விட்டது, ஆனாலும் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தாள், அது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணும் சொல்லல," என்றாள். "இனிமேத்தான் சொல்லப் போறா."

"அரசி, நான் சொல்றத முதல்ல கேளு. வீட்டுக்கு வா, பேசலாம். அந்தப் பொண்ணு வேலையே ஒழுங்கா செய்யாது, நான் ரெண்டு வார்த்த கண்டிச்சேன், அதுக்கு..."

"நீங்க வீட்டுக்குப் போங்க."

"பாப்பாவுக்கு வரன் வர்ற நேரம் இது. நினைச்சுப் பாத்தியா?"

"பாத்தேன். முதல்ல அதத்தான் நினைச்சேன்." அது உண்மைதான். "வழிய விடுங்க."

அவர் வழியை மறித்து நிற்கவில்லை, சாலை அகலமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் வண்டியை ஒரு சாண் பின்னால் தள்ளினார், அவள் கடந்து போனாள். கூப்பிடுவார் என்று நினைத்தாள். கூப்பிட்டார், இரண்டு முறை, காற்று எதிரே வீசியதால் பெயரின் பாதிதான் காதில் விழுந்தது. அவள் நடையை நிறுத்தவில்லை. திரும்பும்போது எந்த வீட்டுக்குத் திரும்புவது என்று ஒரு நினைப்பு வந்தது, அதை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தாள், அந்த நினைப்பு போகாமல் கூடவே வந்தது.

மகளிர் விடுதியின் முன்கூடத்தில் வார்டனின் நாற்காலி காலியாகக் கிடந்தது, பக்கத்தில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் ஒல்லியாக ஒரு பெண், தலையில் ஈரத் துண்டு சுற்றி, பாதங்களை ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வயதுகூட இருக்காது. அரசி உள்ளே வந்ததைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வாளி தளும்பியது.

"உக்காரு, உக்காரு," என்றாள் அரசி.

பிரிஸ்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பின்னால், வாசலை, வாசலுக்கு அப்பால் சாலையைப் பார்த்தாள்.

"யாரும் வரலம்மா. நான் மட்டுந்தான்."

பிரிஸ்கா வாளியைக் காலாலேயே மெல்லத் தள்ளி, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். அரசி உட்கார்ந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ அதை முழுசாகக் கேட்க வேண்டும், நடுவில் இல்லம்மா அவர் அப்படி இல்லை என்று ஒரு சொல்கூட வாயிலிருந்து வந்துவிடக் கூடாது, வந்தால் இவள் எழுந்து போய்விடுவாள், சுகந்தி படியிறங்கிப் போன மாதிரி. கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"முதல் தடவ, மேடம்," என்று பிரிஸ்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள், "போன ஆகஸ்ட்ல."